ஆறாவது பாடத்தில் வெட்டிய நான்கு நிமிடம்

என் குரல் ஒலிப்பதிவுக்கு நன்றாக எடுபடும். இது நானாகச் சொல்லிக்கொள்வது இல்லை, கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது. பிசிறில்லாமல், அவசரமில்லாமல் வரும். கேட்கிறவர்களுக்குத் தூக்கமும் வராது, பயமும் வராது. அதனால்தான் பாட வீடியோக்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையை வேறு யாரிடமும் விடாமல் நானே வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதே குரலில்தான் பேசப்போகிறேன். நடுநடுவே தண்ணீர் குடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நான் எழுதிக்கொடுத்த நிபுணர் கருத்து இந்த விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூன்று பேர் முன்னாலும் இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்று மாலைக்குள் அந்தப் பெண் டாக்டரின் மருத்துவப் பதிவை ரத்து செய்வதா என்று முடிவெடுக்கப்போகிறீர்கள். ரத்து செய்துவிட்டால் அவள் இனி ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித்தர முடியாது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. உங்கள் கோப்பில் அவளுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறீர்கள். அவளுடைய ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். நானும் அப்படியே சொல்கிறேன். நான் எழுதிய அந்த நான்கு பக்கத்தில் பொய் ஒன்றும் கிடையாது. அதற்கு முன்னால் நடந்தது மட்டும் அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று நேரம் கேட்டு வந்திருக்கிறேன்.

உங்களில் ஒருவர் வக்கீல். அவருக்காக எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்துக்கும் அடங்காத வலியோடு சிலர் எங்களிடம் வருவார்கள். முதுகெலும்புக்குள் தண்டுவடத்தை ஒட்டி ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. அதற்குள் ஊசி வழியாக ஒரு மெல்லிய ஒயரைச் செலுத்தி, அதைத் தோலுக்கடியில் வைக்கும் சின்ன பேட்டரியோடு இணைத்து, வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளுக்கு இலேசான மின்தூண்டல் கொடுப்போம். ஊசி உள்ளே போகும்போது தசைநாரின் எதிர்ப்பு கையில் தெரியும். சரியான இடைவெளிக்குள் நுழைந்ததும் அந்த எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு அப்பால் சில மில்லிமீட்டரில் தண்டுவடம். எக்ஸ்ரே திரை உதவும், ஆனால் திரையை விட நல்ல காவல் நோயாளியின் வாய். அதனால் அவரை அரை விழிப்பில் வைத்திருப்போம். ஊசி தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் அவர் சொல்வார். சொன்ன அந்த நொடியில் நாம் கையை நிறுத்த வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் ஆட்கள் குறைவு. பெரிய ஊர்களில் நாலு பேர் இருப்போம். சின்ன ஊர்களில் கருவி வந்து இறங்கியிருக்கும், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. அவர்களுக்காகத்தான் பன்னிரண்டு வீடியோப் பாடங்கள் செய்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆறாவது பாடம்தான் ஊசி போடும் பாடம். அதற்குப் படம் எடுத்த அன்று மேஜையில் குப்புறப் படுத்திருந்தவர் ஒரு தையற்காரர். முதுகில் இரண்டு ஆபரேஷன் ஆகியும் கால்வலி விடாதவர். காமிரா என் கைக்கு நேர் மேலே தொங்கியது. எனக்கு அன்று கொஞ்சம் படபடப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் கண்கள் பார்க்கப்போகிற கை என்ற நினைப்பு கைக்கு நல்லதில்லை. பதினோராவது நிமிடத்தில் அவர் பேசினார்.

“டாக்டரம்மா, வலது காலுக்குள்ள கரண்டு அடிச்ச மாதிரி சுரீர்னு இறங்குது.”

“கொஞ்சம் பொறுங்க. அசையாம இருங்க.”

“நான் எங்க அசையறேன்? ஊசிதான் அசையுது. முப்பது வருஷமா ஊசியில பொழைக்கிறவன்மா நான். ஊசி தப்பான எடத்துல இறங்கினா எனக்குத் தெரியாதா?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊசியைப் பின்னால் இழுத்துவிட்டுப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நான் நினைத்ததை விட ஊசி நன்றாக உள்ளே போயிருந்தது. அந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் மேலும் தள்ளியிருப்பேன். இரண்டாம் முறை எலும்பில் இடித்தது. மூன்றாம் முறை ஓர் எலும்பு இடைவெளி கீழே இறங்கி, அங்கே சரியாகக் கிடைத்தது. மொத்தம் நான்கு நிமிடம் பதினேழு நொடி. தையற்காரர் மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

எங்கள் வீடியோக்களை எடிட் செய்தவன் என் தம்பி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தவன். வீட்டில் அவனுக்குக் கத்தரி என்றே பெயர். மணமகன் மூக்கு நோண்டியதை, மாமனார் முகம் சுளித்ததை எல்லாம் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவான். அந்த நான்கு நிமிடத்தையும் எடுத்துவிடு என்றேன். அவன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“ஏன்க்கா? அந்த ஆளு கத்துறதும் நீங்க கையை எடுக்குறதும்தானே இதுல பாடமே? எனக்கே புரியுது, டாக்டருங்களுக்குப் புரியாதா?”

“குழப்பும்டா. முதல் தடவை பாக்கறவங்களுக்குச் சுத்தமா ஒரு தடவை காட்டணும்.”

“அப்ப அவர் பேசுறதையாவது வைக்கலாம்ல?”

“வேணாம். கத்தரின்னு பேரு வச்சிருக்கு, வேலையைப் பாரு.”

அவனிடம் சொன்ன காரணத்தை நானும் அப்போது நம்பினேன். முழுவதும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் முறைதான் கிடைத்தது என்று உலகத்துக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் இந்தத் துறையில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். வெட்டிய இடம் தெரியாமல் இருக்க, முதுகெலும்பின் அசையும் படம் ஒன்றை இருபது நொடிக்கு அங்கே வைத்தோம். அதன் மேல் என் குரலில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். “கவனியுங்கள், நோயாளிக்கு எந்த அசௌகரியமும் இல்லை.” அதை ஒரே மூச்சில் பேசி முடித்தேன். இரண்டாவது முறை பேச வேண்டியிருக்கவில்லை.

பாடம் நன்றாகப் போனது. ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள் அதை நிமிடக் கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். சின்ன டாக்டரின் நோட்டு உங்களிடம் சான்றாக இருக்கிறது. எந்த நிமிடத்தில் என் இடது கட்டைவிரல் எங்கே இருந்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறாள். அதில் பதினோராவது நிமிடத்துக்கு நேரே ‘நோயாளி அமைதி’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். நான் செய்ததை மட்டுமா கற்றுக்கொண்டார்கள், நோயாளி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்த வீடியோவைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அவர் பேசவே கூடாது என்று.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே ஒரு கேள்விப் பெட்டி உண்டு. பார்க்கிறவர்கள் எழுதுவார்கள், நான் பதில் போடுவேன், எல்லோரும் படிக்கலாம். என்னோடு படித்த ஒருவர், இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் துறைத் தலைவர், அங்கே வந்து ஒருநாள் எழுதினார்: “மேஜையில் படுத்திருப்பது நோயாளியா, பொம்மையா?” பக்கத்தில் சிரிக்கும் முகம் வேறு. “நல்ல நோயாளி, நல்ல கை” என்று பதில் போட்டேன். நாற்பது பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் சின்ன டாக்டரின் கேள்வி வந்தது. அதை அழித்துவிட்டேன், ஆனால் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “மேடம், வணக்கம். உங்கள் நோயாளி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் நோயாளிகள் இருவர் ஊசி உள்ளே போகும்போது காலில் சுரீரென்று இழுப்பதாகச் சொன்னார்கள். நான் இரண்டு முறையும் பயந்து நிறுத்திவிட்டேன். நிறுத்தியது சரியா? என் கையில்தான் குறையா?”

அவள் நிறுத்தியது சரி. அதை விடச் சரியாக யாரும் செய்ய முடியாது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஊரில் தனியாக நின்று, தன் புத்தியாலேயே அதைச் செய்திருந்தாள். ‘நீ செய்ததுதான் சரி, எனக்கும் அப்படித்தான் ஆனது, அதை வெட்டிவிட்டோம்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஒரு வரிதான். ஆனால் அந்த ‘பொம்மை’க்காரர் அதைப் படிப்பார். புதிதாக வரும் வலி மருத்துவர்கள் எல்லோருக்கும் என் பாடங்களைக் கட்டாயமாக்குவது பற்றிப் பயிற்சி வாரியம் அந்த மாதம்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு காபி குடித்து முடிக்கும் நேரம் யோசித்தேன். பிறகு எழுதினேன். “நிறுத்தத் தேவையில்லை. மயக்க மருந்து போதாமல் இருந்திருக்கும். சற்றுக் கூட்டிக் கொடுத்துவிட்டுத் தொடரலாம்.”

எழுதிவிட்டு வார்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

பதினோரு நாள் கழித்து அவளுடைய மேஜைக்கு ஒரு பெண் வந்தார். முடி வெட்டும் கடை நடத்துகிறவர். பாதத்தில் இரும்புக் கதவு விழுந்து, எலும்பு கூடிய பிறகும் எரிச்சல் அடங்காதவர். போர்வை பட்டாலே துடிப்பாராம். ஊசி இறங்கும்போது அவர் காலில் ஏதோ இழுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். சின்ன டாக்டர் நிறுத்தினாள். நர்ஸின் வாக்குமூலத்தில் இருக்கிறது: டாக்டர் அரை நிமிஷம் அப்படியே நின்றார், பிறகு “மேடம் சொல்லியிருக்காங்க, மருந்தைக் கொஞ்சம் கூட்டுங்க” என்றார். மருந்து கூடியது. அந்தப் பெண் அமைதியானார், என் வீடியோவில் இருப்பது போலவே. ஊசி தண்டுவடத்துக்குள் போனது. இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் போயின.

செய்தி என் காதுக்கு வர மூன்று வாரமானது. வந்த அன்றே கேள்வியையும் பதிலையும் அழித்தேன். தனக்கு அப்படி ஒரு ஆலோசனை கிடைத்தது என்று அவள் உங்களிடம் சொன்னாள். நீங்கள் தேடினீர்கள், கிடைக்கவில்லை. என்னிடம் எழுத்தில் கேட்டீர்கள். “அப்படி ஒரு பதில் பதிவில் இல்லை” என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். அதன் பிறகு உங்கள் குறிப்புகளில் அவளைப் பற்றி ‘பொறுப்பைப் பிறர் மேல் தள்ளும் போக்கு’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

நிபுணர் கருத்து எழுதுவதற்காக அந்தப் பெண்ணை நானே நேரில் பரிசோதித்தேன். வாசலில் படி இல்லாத கீழ்த்தளத்துக்கு வீடு மாறியிருந்தார். கடை மூடிக் கிடந்தது. காலில் குண்டூசியால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் அவர் சிரித்தார்.

“வலி சுத்தமா போயிடுச்சு டாக்டர். கேட்டதைக் குடுத்துட்டாங்க. காலையும் சேர்த்து எடுத்துக்கோங்கன்னு நான் கேக்கலியே.”

நான் குனிந்து குறிப்பெழுதினேன். அவர் விடவில்லை.

“அந்தப் பொண்ணு தெனமும் வருது. வந்து உக்காந்து அழுவுது. நான்தான் சமாதானம் சொல்லி அனுப்புறேன், பாருங்க கூத்தை. அது கெட்ட பொண்ணு இல்ல டாக்டர். யாரு அதுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தாங்களோ.”

இரண்டு வாரத்தில் அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, நடந்ததால் சொல்கிறேன். அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், ‘நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து ஊசியைச் செலுத்தியது அடிப்படை விதிமீறல்’ என்று முதல் வாக்கியத்தை எழுதினேன்.

நீங்கள் கருத்தின் நகலை அவளுக்கு அனுப்பிய அன்று எனக்குப் போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க. நீங்க எழுதினது எல்லாமே சரிதான். ஆறாவது பாடத்தை இன்னும் ஒரு தடவை பாத்தேன். எங்க தப்புப் பண்ணேன்னு கண்டுபிடிக்க முடியல. மருந்தைக் கூட்டச் சொல்லி நீங்க பதில் போட்டதா எனக்கு ஞாபகம். இல்லைங்கறாங்க. நான்தான் வேற எங்கயோ படிச்சதை உங்க பேர்ல போட்டுக் குழப்பிக்கிட்டேனா மேடம்?”

“இருக்கும்மா. ரொம்ப டென்ஷன்ல இருந்திருப்ப. மனசு அப்படித்தான் எதையாவது பிடிச்சிக்கும்.”

“தேங்க்ஸ் மேடம். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று நீங்கள் கேட்டால், இதைத்தான் சொல்வேன். அந்தக் கால்களுக்கு நான் நேரடிக் காரணம் இல்லை என்று வாதாட ஒரு நல்ல வக்கீலால் முடியும். இந்தப் போனுக்கு யாராலும் வாதாட முடியாது. தான் கண்ணால் படித்ததையே நம்ப முடியாதபடி ஒருத்தியை ஆக்கினேன், அதுவும் ஆறுதல் சொல்கிற மாதிரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பேசினான்.

“அக்கா, அந்த நாலு நிமிஷத்தை அழிச்சிடச் சொன்னீங்க இல்ல? நான் அழிக்கல.”

“ஏன்டா?”

“ஏனோ. தையற்காரர் பேசுறது நல்லா இருந்துச்சு. இப்ப நீங்க போய் சொல்றீங்களா, நான் போகட்டுமா? ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேல என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க.”

அவன் மிரட்டியதால்தான் வந்தேன் என்று நீங்கள் எண்ணக்கூடாது. அவன் வராவிட்டாலும் நானே வந்திருப்பேன். எப்போது வந்திருப்பேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெட்டாத அந்தப் பதிவு இந்த உறையில் இருக்கிறது. என் தம்பியின் கையெழுத்தும் இருக்கிறது. கேள்வியையும் பதிலையும் அழித்த தேதியும் நேரமும் இணையதளம் நடத்தும் கம்பெனியிடம் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், என் சம்மதத்தை எழுதித் தந்துவிட்டேன்.

ஆகவே இதை நேராகவே பதிவு செய்துகொள்ளுங்கள். நிறுத்தத் தெரிந்த ஒரு டாக்டருக்கு, நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுத்தது நான். தெரிந்தே சொன்னேன். பிறகு அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். ரத்து செய்ய வேண்டியது என் பதிவை. அவளுடையதைத் தொடாதீர்கள். அவளிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, அவளுக்கு ஞாபகம் பிசகவில்லை என்பதை. நான் சொன்னால் நம்ப மாட்டாள், அல்லது நம்பிவிடுவாள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

இதைச் சொல்லி முடித்ததில் மனசு இலேசாகிவிட்டது. உங்கள் கேள்வி என்ன, சொல்லுங்கள்.

ஆறாவது பாடமா? அது இன்னும் தளத்தில்தான் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்களே என்று விட்டுவைத்தேன். உங்கள் முடிவு வந்த பிறகு முறைப்படி எடுத்துவிடலாம் என்றிருந்தேன். பார்க்கிறார்கள், ஆமாம். இந்த வாரத்தில் மட்டும் இன்று காலை வரை பதினாறு பேர்.

கேள்விப் பெட்டியில் நேற்று ஒன்று வந்திருக்கிறது. புதிய டாக்டர் ஒருவர். நோயாளி நடுவில் காலில் இழுக்கிறது என்று சொன்னால் மருந்தைக் கூட்டலாமா என்று கேட்கிறார். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய முதல் நோயாளியாம். இல்லை, இன்னும் பதில் போடவில்லை. முதலில் உங்களிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அவருக்கு எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன். ஏன் எழுந்துவிட்டீர்கள்? மணி மூன்றரைதானே ஆகிறது.